லோடு இல்லாத நாளில் விபத்து: லாரி இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

கேள்வி: சங்ககிரியில் ஒரே ஒரு பன்னிரண்டு சக்கர லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோடு கிடைக்கவில்லை. பாடியில் கிடாயை ஏற்றி, கேபினில் மச்சானை உட்கார வைத்துக் குலதெய்வம் கோயிலுக்குப் போனேன். திரும்பி வரும்போது இருட்டில் ஒரு பைக்கில் மோதிவிட்டேன். பைக்காரருக்குக் கால் முறிவு, மச்சானுக்குக் கை முறிவு, எனக்குக் காரை எலும்பு போய்விட்டது. 'வண்டி வாடகைக்கு ஓடவில்லை, சொந்த உபயோகம்; பொறுப்பேற்க முடியாது' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. அமெரிக்காவில் லாரி ஓட்டும் என் தம்பி, அங்கே வேலை இல்லாத நேரத்துக்குத் தனி பாலிசி எடுப்பார்கள் என்கிறான். நான் எடுக்காமல் விட்டது தப்பா?

பதில்: தம்பி சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே சொந்த லாரிக்காரர்கள் பலர் வண்டியை ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் விட்டு, அதன் பெயரில்தான் ஓட்டுகிறார்கள். கம்பெனி வேலையில் இருக்கும்வரை கம்பெனியின் பாலிசி. லோடை இறக்கிவிட்டுச் சொந்த வேலையாகக் கிளம்பினால் அது கைவிட்டுவிடலாம். அந்த இடைவெளிக்குத்தான் தனி பாலிசி. 'அடுத்த லோடுக்குக் காத்திருந்தது வேலையா, ஓய்வா' என்று இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளும் கோர்ட்டில் மல்லுக்கட்டுவதும் அங்கே உண்டு.

நம் சட்டத்தில் அந்த இடைவெளியே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 146-வது பிரிவு பார்ப்பது ஒன்றைத்தான்: வண்டி பொது இடத்தில் பயன்பாட்டில் இருந்ததா? வாடகைக்கு ஓடியதா, கோயிலுக்குப் போனதா என்று அது கேட்பதில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து, சில மணி நேரம் அப்படியே கிடந்து வெடித்தது. அதுவும் வண்டியின் 'பயன்பாடு'தான் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கவிழ்ந்து கிடந்த டேங்கருக்கே அப்படி என்றால், ஓடிய உங்கள் லாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். சரக்கு லாரியின் வழக்கமான பாலிசியில், பெர்மிட்டுக்கு உட்பட்டு ஓட்ட வேண்டும், பந்தயம் கூடாது என்றெல்லாம் இருக்கும். 'சொந்த உபயோகம் கூடாது' என்று இருக்காது. வாடகைக்கு விடாதே என்று தடுப்பது சொந்தக் கார் பாலிசி. கடிதம் எழுதியவர் அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே பத்தியில் இன்னொரு வரி உண்டு: வண்டியில் வேலை செய்பவர்களைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது. உங்கள் சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில் இல்லை, மச்சானில் இருக்கிறது.

முதலில் பைக்காரர். அவர் 'மூன்றாம் நபர்', அதாவது பாலிசி எடுத்த நீங்களும் இல்லை, கம்பெனியும் இல்லை, வெளியாள். உங்களிடம் கனரக லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நடப்பில் இருந்து, குடிக்காமல் ஓட்டியிருந்தால், அவருக்கான இழப்பீட்டைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். கேபினில் மச்சான் இருந்ததற்கும் பைக் அடிபட்டதற்கும் சம்பந்தம் இல்லை.

மச்சான் கதை வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும், திருத்தப்பட்ட 147-வது பிரிவிலும் அந்த விலக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. அவர் வழக்குப் போட்டால் அது உங்கள் தலையில்தான் விடியும். சில வழக்குகளில் 'முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்று கோர்ட் சொல்வதுண்டு. அதில் மச்சானுக்கு நிம்மதி, உங்களுக்கு இல்லை.

சரக்கின் உரிமையாளர் கூடவே வந்தால் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதைக் கேள்விப்பட்டு யாராவது, 'பாடியில் கிடாய் இருந்ததே, மச்சான்தான் அதன் உரிமையாளர் என்று எழுதிக் கொடு' என்பார்கள். எழுதாதீர்கள். விபத்து நடந்தது திரும்பும் வழியில்; கிடாய் அப்போது எல்லார் வயிற்றிலும் இருந்தது. எஃப்.ஐ.ஆரில் 'கோயிலுக்குப் போய்வந்தோம்' என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். இந்த ஒரு பொய் பைக்காரர் வழக்கில் உங்களுக்கு இருக்கும் நல்ல வாதத்தையும் கெடுத்துவிடும்.

அடுத்து நீங்கள். உங்கள் காயத்துக்கு நீங்களே மூன்றாம் நபர் ஆக முடியாது. பாலிசியோடு எடுக்கும் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்தான் உங்களுக்கு ஆதாரம். அது உயிர் போனாலோ, கை, கால், கண் இழந்தாலோ, நிரந்தரமாக முழுவதும் முடங்கினாலோதான். காரை எலும்பு முறிவுக்கு ஒரு பைசா வராது. நீங்கள் எடுக்காமல் விட்ட பாலிசி என்றால் இதைச் சொல்வேன்: எலும்பு முறிவுக்கும் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் பணம் தரும் தனி விபத்துப் பாலிசி. அதில் லாரி ஓட்டும் தொழில் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

வண்டிச் சேதத்துக்கு முழு பாலிசி இருந்தால் விடாதீர்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றியது விபத்துக்குக் காரணமாக இல்லாதபோது, அதைச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது என்று 1996-லும் 2016-லும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் உண்டு. ஹெட்லைட், பம்பர், மட்கார்டுக்கு மட்டும் பாலிசியில் ஐ.எம்.டி. 23 (IMT 23 என்ற, இந்தப் பாகங்களையும் சேர்க்கும் கூடுதல் ஷரத்து) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவை கைக்காசு.

பைக்காரர் தரப்பு வழக்குப் போட்டால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து உங்களுக்கும் சம்மன் வரும். 'கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்று லாரிக்காரர்கள் பலர் போவதே இல்லை. கம்பெனி சொல்வதை மறுக்க அங்கே ஆள் இருக்காது. உங்களிடம் வசூலிக்கும் உத்தரவு வந்துவிடும், பிறகு ஜப்திக்கு நிற்பது லாரி. சம்மன் வந்த வாரமே ஆர்.சி., லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி., பாலிசியின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். கம்பெனி அனுப்பிய அந்த மறுப்புக் கடிதத்தையும் உறையோடு கொண்டுபோங்கள்.