செப்டிக் டேங்க் நாற்றம்: கூச்சப்படாமல் கேளுங்கள்

குன்னூரில் கட்டட வேலை பார்க்கிறேன். இந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, பினாயிலை ஊற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கேளுங்கள் என்றதும் வந்தவை இவை.

கேள்வி: அண்ணே, கொடைக்கானலில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம். சீசன் முடிந்தால் பூட்டிவிடுவோம். மறுபடி திறந்தால் பாத்ரூமில் அழுகின முட்டை வாடை. டேங்கைப் போன வருஷம்தான் காலி செய்தோம்.

பதில்: டேங்க் மேல் பழி போடாதீர்கள் தம்பி. தரையில் தண்ணீர் வடிகிற குழி, அதாவது நஹானி டிராப், அதன் மூடியைத் தூக்கிப் பாருங்கள், காய்ந்து கிடக்கும். அதில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் வாயுவைத் தடுக்கிற கதவு. ஒரு மக் தண்ணீர் ஊற்றி ஜன்னலைத் திறந்துவிட்டால் அன்றைக்கே தெரியும். பூட்டிப் போகும்போது அந்தத் தண்ணீர் மேல் இரண்டு ஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொடைக்கானல் குளிரில் கட்டியாகிவிடும்.

அப்படியும் வாடை வந்தால் ஊதுபத்தி கொளுத்தி டாய்லெட் அடியைச் சுற்றிக் காட்டுங்கள். புகை எங்கே திடீரென்று அலைகிறதோ அங்கே சிமெண்ட் விரிசல் விட்டிருக்கிறது.

கேள்வி: சார், ஊட்டியில் ஜனவரியானால் நாற்றம் கூடுகிறது. வாரா வாரம் பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே?

பதில்: அதுதான் வினை. மலத்தைக் கரைப்பது டேங்கில் இருக்கிற பாக்டீரியா. உறைபனிக் காலத்தில் அது ஏற்கெனவே மந்தம். நீங்கள் பிளீச்சிங், ஆசிட், பினாயில் என்று ஊற்றி மிச்சத்தையும் கொல்கிறீர்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். அடுப்படி எண்ணெயும் உள்ளே போகக்கூடாது, மிதந்து ஏடுகட்டும்.

கேள்வி: எங்கள் வீடு மேட்டில். கீழ்வீட்டு டேங்க் வாடை எங்கள் படுக்கையறைக்கு வருகிறது. சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: மலையில் இது தீராத வழக்கு அக்கா. அவர்கள் டேங்க் வாயு வெளியேறுகிற ஏர் பைப்பைத் தங்கள் கூரைக்கு மேலேதான் ஏற்றியிருப்பார்கள், நியாயம்தான். ஆனால் சரிவில் அவர்கள் கூரை உங்கள் ஜன்னல் மட்டம். பைப்பை இன்னும் பத்தடி உயர்த்தவோ, உங்கள் ஜன்னலுக்கு எட்டாத மூலைக்கு நகர்த்தவோ கேளுங்கள். செலவில் பாதி நீங்கள் போட்டால் சண்டை பாதி குறையும். பைப் உச்சியில் கொசுவலை இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் தெருவில் குரங்கு பிடுங்கிப் போட்டதை மூன்று முறை கட்டியிருக்கிறேன்.

கேள்வி: கேம்பர் வேன் வாங்கியிருக்கிறேன். கக்கூஸ் டேங்க் சின்னது, இரண்டே நாளில் நாறுகிறது.

பதில்: காலி செய்ததும் வெறும் டேங்காக விடாதீர்கள். அடி மூழ்கத் தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் கசடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காற்றுக் குழாய் அடைத்திருந்தால் வாடை உள்ளேதான் திரும்பும். காலி செய்வது தங்கும் இடத்துச் செப்டிக் டேங்கில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு. ஓடைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், கீழே அதைத்தான் குடிக்கிறார்கள்.

கேள்வி: டேங்க் நிரம்பிவிட்டது. லாரி எங்கள் சந்துக்குள் வராது. ஆள் இறக்கி அள்ளலாமா?

பதில்: கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அளவு கூடினால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்யும், வாடை இல்லை என்று நினைத்து இறங்கினவர் ஏறி வரமாட்டார். மனிதரை வைத்து மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படியும் குற்றம். லாரியை ரோட்டில் நிறுத்தி நீளக் குழாய் போடச் சொல்லுங்கள், கூட ஐநூறு கேட்டாலும் கொடுங்கள்.