மகனின் சட்டைகளும் தாயின் கவலையும்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சம்பளத்தில் பாதிக்கு மேல் டிசைனர் ஆடைகளுக்கும் காலணிகளுக்குமே போய்விடுகிறது. கிரெடிட் கார்டு பாக்கி மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டதாக இப்போதுதான் சொல்கிறான். சென்ற வாரம் வாங்கிய இரண்டு சட்டைகள் விலைச்சீட்டுகூடக் கழற்றப்படாமல் அலமாரியில் தொங்குகின்றன. கேட்டால், "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்கிறான். என் சேமிப்பிலிருந்து கடனை அடைத்துவிட்டு, இனிமேல் வாங்குவதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சத்தியமும் வாங்காதீர்கள், கடனையும் நீங்கள் அடைக்காதீர்கள். இரண்டாவதைச் சொல்வது ஒரு தாய்க்குக் கடுமையாகப் படும் என்பது தெரியும். ஆனால் நீங்கள் பாக்கியைத் தீர்த்த மறுநாளே அந்த அட்டையின் வரம்பு முழுவதும் மீண்டும் அவன் கைக்கு வந்துவிடும். அவனுடைய பழக்கத்தில் ஒன்றுமே மாறியிருக்காது. உங்கள் சேமிப்பு மட்டும் குறைந்திருக்கும். சத்தியத்தின் கதி இன்னும் மோசம்: அது முறியும் நாளில் அவன் வாங்குவதை நிறுத்தமாட்டான், உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவான். இப்போதாவது தானாக வாய் திறந்து சொல்லியிருக்கிறான் என்பதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

"உங்களுக்குப் புரியாது" என்று அவன் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆள் பாதி, ஆடை பாதி என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாம்தாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞன், தன் திறமையை எவரும் அறியாத இடத்தில், தன்னைப் பற்றி முதலில் பேசப்போவது தன் உடைதான் என்று எண்ணுவதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. (என் முதல் சம்பளத்தில் வாங்கி ஒரே ஒரு முறை அணிந்த கோட்டு ஒன்றைப் பற்றி என் வீட்டார் இன்றும் பேசுகிறார்கள், ஆகவே இந்த விஷயத்தில் நான் முழு நடுநிலையாளன் இல்லை.)

ஆனால் அவனுக்கும் புரியாத ஒன்று உண்டு. 1858-இல் பாரிஸில் தையலகம் தொடங்கிய சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த், தம் பெயர் நெய்த பட்டையை ஆடையின் உட்புறத்தில் தைத்துக் கொடுத்தார். உடுத்துபவர் மட்டும் அறிந்திருந்த அந்தப் பெயர், பிறகு மெல்ல வெளிப்புறத்துக்கு வந்தது. 1933-இல் டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் தொடங்கிய நிறுவனத்தின் சட்டைகளில் அதன் சின்னமான முதலை மார்பின்மேலேயே ஏறி அமர்ந்தது. இன்று இளைஞர்கள் வாங்கும் பல சட்டைகளில் சின்னம்தான் பெரிது, சட்டை அதைத் தாங்கும் துணி. ஆடம்பர நிறுவனங்களின் கைப்பைகளை வைத்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே நிறுவனத்தின் பொருள்களிலேயே விலை குறைந்தவற்றில்தான் சின்னம் பெரிதாகவும் பளிச்சென்றும் இருப்பதைக் காட்டியது. மிக விலையுயர்ந்தவற்றில் அது அடக்கமாகவே இருக்கும். அவற்றை வாங்குபவர்கள் தங்களுக்குள் நுணுக்கமான அடையாளங்களால் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். அதாவது, வசதி படைத்தவர்களைப் போலத் தோன்ற வேண்டும் என்று உங்கள் மகன் வாங்கும் பெரிய சின்னச் சட்டை, அத்தகைய வசதி இல்லாதவர்களை எண்ணியே பெரும்பாலும் வடிவமைக்கப்பட்டது. இதை நீங்கள் ஏளனமாகச் சொன்னால் அவன் காதில் ஏறாது. தகவலாகச் சொன்னால் ஒருவேளை யோசிப்பான்.

பற்றாக்குறையும் திட்டமிட்டே உண்டாக்கப்படுகிறது. குறைந்த எண்ணிக்கையில், குறித்த நாளில், குறித்த மணிக்கு விற்பனைக்கு விடுவது இந்தத் தொழிலில் இப்போது வழக்கமான உத்தி. இந்த முறையால் பெயர் பெற்ற சுப்ரீம் என்ற ஆடை நிறுவனம் 2016-இல் தன் பெயர் பொறித்த ஒரு செங்கல்லையே விற்றது. அதுவும் விற்றுத் தீர்ந்தது, வாங்கியவர்கள் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனைக்கும் வைத்தார்கள். செங்கல்லையே வாங்க வைக்கும் அவசரத்தின் முன், நல்ல துணியில் தைத்த சட்டையைக் கண்டு 23 வயதுப் பையன் தடுமாறுவதில் வியப்பில்லை.

உடையை விட்டுவிட்டு, கடனைப் பற்றி மட்டும் அவனிடம் பேசுங்கள் என்பேன். மாதம் 3 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஒன்றும் கட்டாமல் விட்ட பாக்கி ஏறக்குறைய 24 மாதங்களில் இரு மடங்காகிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருபவர்களுக்குக் கடன் அடைவது போன்ற தோற்றம் இருக்கும். கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்க்கொண்டிருக்கும். முழுப் பாக்கியையும் அடைக்காதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாள்களும் பொதுவாகக் கிடைப்பதில்லை. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாமல், அவனுடைய கடைசி ஆறு மாத அட்டைக் கணக்கை எடுத்து அவனையே கூட்டச் சொல்லுங்கள். பிறகு வங்கியில் கேட்டு, அந்தப் பாக்கியைக் குறைந்த வட்டியில், மாறாத மாதத் தவணைக் கடனாக மாற்ற முடியுமா என்று பார்க்கட்டும். தவணையை அவன் சம்பளத்திலிருந்தே கட்டட்டும். கட்டி முடியும்வரை அட்டை வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் மனம் கேட்கவில்லை என்றால், அந்த மாதங்களில் வீட்டுச் செலவுக்கு அவன் தரும் பங்கைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு உதவி போதும்.

நல்ல உடையே கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நூறு முறை உடுத்திய விலையுயர்ந்த சட்டை, மூன்று முறை உடுத்தி மூலையில் போட்ட மலிவான சட்டையைவிடச் சிக்கனமானதாக இருக்கக்கூடும். அலமாரியில் உள்ளவற்றில் எதை எத்தனை முறை அணிந்தான் என்று அவனே எண்ணிப் பார்த்தால், எது தனக்காக வாங்கியது, எது பிறர் கண்ணுக்காக வாங்கியது என்பது அவனுக்கே பிடிபடும்.

பேச்சை எங்கே தொடங்குவது என்று தயங்கினால், விலைச்சீட்டு கழற்றாத அந்த இரண்டு சட்டைகளிலிருந்து தொடங்குங்கள். பல கடைகள் ரசீதும் சீட்டும் இருந்தால் சில வாரங்களுக்குள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. தொகை பெரும்பாலும் அதே அட்டைக் கணக்குக்கே போய்ச் சேரும். இன்று மாலை அவன் வீட்டுக்கு வந்ததும், வேறெதையும் கேட்பதற்கு முன், அந்த ரசீதில் கடைசித் தேதி என்ன என்று மட்டும் கேளுங்கள்.