641-இடம் சிக்கிய எண்

கேள்வி: 4294967297 பகா எண்ணா? கையால் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பகா எண் இல்லை. கையாலேயே கண்டுபிடிக்கலாம். 2-இல் தொடங்கி, அதன் வர்க்கம், அதற்கு வர்க்கம் என்று பெருக்கிக்கொண்டே போய் (2, 4, 16, 256, 65536), ஒவ்வொன்றுடனும் 1 கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். ஆறாவதுதான் நீங்கள் கேட்பது. இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார், பாவம். 1732-இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்.

உங்கள் எண்ணின் பகாக் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அப்புறம் சோதிக்க வேண்டியவை அப்படி மீதி 1 தரும் பகா எண்கள் மட்டும்தான்: 193, 257, 449, 577, 641, அவ்வளவே! நேற்று இரவு தாளில் வகுத்துப் பார்த்தேன். 577-க்கு மீதி 288. அடுத்து 641: ஈவு 6700417, மீதி பூஜ்யம். பேனாவை வைக்க மனமே வரவில்லை.