விளையாட்டோடு விளையாட்டாக ஆங்கிலம்

கேள்வி: என் 5 வயது மகனுக்கு அட்டை காட்டி ஆங்கிலச் சொற்களை ஒப்பிக்க வைக்கிறேன், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடுகிறான். பேசும்போதும் 'வென்ட்' என்று சொல்லாமல் 'கோ'வோடு 'எட்' சேர்த்துச் சொல்கிறான். என்ன செய்வது?

பதில்: ஓடட்டும், அந்த ஓட்டத்தையே பாடமாக்குங்கள். 'ஜம்ப்', 'டச் தி டோர்' என்று நீங்கள் சொல்ல அவன் செய்யட்டும், அப்புறம் அவன் கட்டளையிட நீங்கள் குதியுங்கள் (பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்). அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இதை ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தார். முதலில் கேட்டுச் செய்வது, பேச்சு வரும்போது வரட்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

இலக்கணத்துக்கு ஒரு பொம்மையும் பெட்டியும் போதும். பொம்மையை ஒளித்துவிட்டு, 'இஸ் இட் இன் தி பாக்ஸ்?', 'இஸ் இட் அண்டர் தி பாக்ஸ்?' என்று அவனைக் கேட்க வையுங்கள், முழுக் கேள்வி வந்தால்தான் பெட்டியைத் தொடுவது.

அந்த 'எட்' விஷயத்துக்குக் கவலையே வேண்டாம். நடந்து முடிந்ததைச் சொல்ல 'எட்' சேர்க்கும் விதி அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம், ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளும் சின்ன வயதில் இப்படித்தான் சொல்வார்கள். திருத்த உட்காராமல், 'யெஸ், ஹி வென்ட் ஹோம்' என்று சரியானதை உங்கள் பதிலில் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். அட்டைகளைத் தூக்கிப்போட வேண்டாம், கவிழ்த்து வைத்து ஜோடி சேர்க்கலாம்.