நானே வரைந்த காகித மாடலை இலவசமாகப் பகிரலாமா? யாராவது திருடிவிட மாட்டார்களா?

பகிருங்கள். திருடுவதற்கும் வாய்ப்பு உண்டு. எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது, அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

உங்கள் நிலைமை எனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து வரைந்திருப்பீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டு, ஒட்டுவதற்கு விளிம்பு விட்டு, வண்ணம் கொடுத்து, ஒருமுறை வெட்டி ஒட்டியும் பார்த்திருப்பீர்கள். மாடல் அலமாரியில் நிற்கிறது, கோப்பு கணினியில் கிடக்கிறது. வெளியே விட்டால் யாரோ பெயரை அழித்துவிட்டுத் தன்னுடையது என்று போட்டுக்கொள்வார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நான் நினைப்பது தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் நான் இப்படித்தான் இருந்தேன், ஏழு மாதம்.

நான் சொந்தமாக வடிவமைத்த முதல் மாடல் ஒரு கலங்கரை விளக்கம். 1:150 அளவு. கோபுரம் 150 மில்லிமீட்டர் உயரம், அடியில் விட்டம் 60, உச்சியில் 40. அதுவரை மற்றவர்கள் வரைந்ததை வெட்டி ஒட்டித்தான் பழக்கம். கீழே அகலம், மேலே குறுகல், அவ்வளவுதானே என்று நான்கு நேர்க்கோட்டில் ஒரு சரிவகம் வரைந்தேன். உருட்டி ஒட்டி மேசையில் வைத்தால் கோபுரம் சாய்கிறது. ஒட்டுப் போட்ட பக்கம் மேசையைத் தொடுகிறது, அதற்கு எதிர்ப்பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் இடைவெளி.

கூம்பை விரித்தால் விசிறி மாதிரி வரும் என்று பள்ளியில் படித்ததுதான், கை மறந்திருந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன். அடிப்பக்கம் வளைய வேண்டிய ஆரம் 451 மில்லிமீட்டர், விரியும் கோணம் 24 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மெல்லிய வளைவின் நடுவில்தான் நான் தொலைத்த 10 மில்லிமீட்டர் இருந்தது. திருத்தி வரைந்து மறுபடி ஒட்டிய அன்று கோபுரம் சாயாமல் நேராக நின்றது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: முப்பரிமாண வடிவத்தைத் தாளில் விரித்துக் கொடுக்கும் பெப்பாகுரா என்ற மென்பொருள் இருக்கிறது, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் அந்த வசதி இருக்கிறது, கையால் ஏன் கணக்குப் போடுகிறாய் என்று. நானும் இப்போது அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மென்பொருளுக்குத் தாள் என்பது தடிமன் இல்லாத ஒரு பரப்பு. நம் கையில் இருக்கும் தாளுக்குத் தடிமன் உண்டு. அந்தத் தடிமனால்தான் நான் அடுத்ததாக மாட்டிக்கொண்டேன், உங்கள் கேள்விக்கு என் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

ஏழு மாதம் பூட்டி வைத்திருந்து, ஒருவழியாகக் கலங்கரை விளக்கத்தை இணையத்தில் போட்டேன். முதல் வாரம் சிலர் நன்றி சொன்னார்கள். பிறகு முன்பின் தெரியாத ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கோபுரத்தின் உச்சியைச் சுற்றி, மாடத்தை, அதாவது விளக்கைச் சுற்றி நடக்கும் மேடையைத் தாங்கும் ஒரு வளையம் உண்டு, பாகம் எண் 9. "உங்கள் 9-ஆம் எண் வளையம் கோபுரத்தின் மேல் ஏறவில்லை. சுற்றளவு ஒன்றரை மில்லிமீட்டர் குறைகிறது. மூன்று தடவை வெட்டிப் பார்த்துவிட்டேன்" என்று எழுதி, படமும் வைத்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அதை இரண்டு முறை கட்டியிருக்கிறேன், இரண்டு முறையும் பொருந்தியிருக்கிறது. அவர் சரியாக வெட்டியிருக்க மாட்டார் என்று பதில்கூட எழுதிவிட்டேன், நல்லவேளை அனுப்பவில்லை. அலமாரியிலிருந்து என் மாடலை எடுத்து, விளக்கின் கீழே வைத்து வளையத்தின் ஒட்டைப் பார்த்தேன். ஒட்டுவிளிம்பை நான் 5 மில்லிமீட்டர் வரைந்திருந்தேன். ஒட்டியிருந்ததோ மூன்றரைதான். ஏறாத வளையத்தை என் கையே கொஞ்சம் தளர்த்தி ஒட்டியிருக்கிறது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கணக்கு எளிதுதான். 200 ஜிஎஸ்எம் தாள் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ளது) சுமார் 0.25 மில்லிமீட்டர் தடிமன். கோபுரத்தையும் வளையத்தையும் நான் ஒரே 40 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வரைந்திருந்தேன். தாளை உருட்டும்போது அதன் தடிமனில் பாதி வெளியே போகும், பாதி உள்ளே வரும். ஆகவே 40 என்று உருட்டிய கோபுரத்தின் வெளி விட்டம் 40.25. அதன் மேல் உட்காரும் வளையத்தை 40.5-க்கு வரைய வேண்டும். அந்த அரை மில்லிமீட்டரை 3.14-ஆல் பெருக்குங்கள், அவர் சொன்ன ஒன்றரை வந்துவிடும். அவர் சரியாகத்தான் வெட்டியிருந்தார்.

இதைத்தான் சொல்ல வந்தேன். நாம் வரைந்ததை நாமே கட்டும்போது தப்பெல்லாம் தெரியாது. எந்தப் பாகம் எங்கே போகும் என்று மனதுக்குத் தெரியும், எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கைக்குத் தெரியும். வேறொருவர் உங்கள் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டி முடிக்கும் வரை அந்தக் கோப்பு பாதி வேலைதான். அதை முடித்துக் கொடுக்கும் அந்த ஆள் உங்கள் அலமாரியில் இல்லை, வெளியேதான் இருக்கிறார்.

கடிதம் எழுதியவர் வளையத்தோடு நிற்கவில்லை. மாடத்தின் கைப்பிடிக் கம்பியை நான் காகிதத்திலேயே வெட்டும்படி வரைந்திருந்தேன், ஒவ்வொன்றும் 0.8 மில்லிமீட்டர் அகலம். வெட்டும்போதே பாதி பிய்ந்துபோகும். அவர் தையல் நூலை வெள்ளைப் பசையில் தோய்த்து, இரண்டு ஊசிக்கு நடுவில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, விறைத்த பிறகு துண்டு துண்டாக நறுக்கி ஒட்டியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நூலின் முறுக்குகூடத் தெரிகிறது, ஆனாலும் அது இரும்புக் கம்பியாகத்தான் கண்ணில் படுகிறது. இரண்டாம் பதிப்பில் அந்த முறையை அவர் அனுமதியோடு குறிப்பில் சேர்த்தேன். எனக்கு அது தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

சரி, திருட்டுக்கு வருகிறேன். பகிர்ந்து ஒன்றரை வருடம் கழித்து, என் மாடல் ஒரு விற்பனைத் தளத்தில் காசுக்கு விற்பதைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இருந்த என் பெயர் இல்லை, அந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு முத்திரை. மாதிரிப் படமாக வைத்திருந்த பக்கத்தைப் பெரிதாக்கினேன். பாகம் எண் 9, பழைய அளவு. திருத்திய பதிப்பு ஒரு வருடத்துக்கும் மேலாக இலவசமாகக் கிடைக்கும்போது, பிழையுள்ள முதல் பதிப்பை எடுத்து விற்றிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் பொருந்தாத வளையத்தோடு மல்லுக்கட்டி, தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். பெயர் போனதைவிட அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

தளத்துக்கு எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். அடுக்கு அடுக்காகப் பிரித்து வைத்திருந்த மூல வரைபடமும், தேதியோடு இருந்த பழைய சேமிப்புகளும் கைவசம் இருந்ததால் அனுப்ப முடிந்தது. மூன்று வாரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆகவே நீங்களும் மூலக் கோப்பை ஒருபோதும் வெளியிடாதீர்கள், பிடிஎஃப் மட்டும் போதும். பழைய சேமிப்புகளை அழிக்காதீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை, இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவம் இது.

உரிமம் போட்டுவிடுங்கள். படைப்புகளைப் பகிர்வதற்கென்றே உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற இரண்டு நிபந்தனையும் சேர்ந்த உரிமம் இருக்கிறது, நான் வைத்திருப்பது அதுதான். மாற்றக் கூடாது என்ற மூன்றாவது நிபந்தனையைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்தப் பொழுதுபோக்கில் ஒருவர் வரைந்த விமானத்துக்கு இன்னொருவர் வேறு வண்ணம் தீட்டி வெளியிடுவது நெடுநாள் வழக்கம், அந்தக் கதவை மூடினால் நமக்குத்தான் நட்டம். அதே சமயம், காசு கொடுத்து வாங்கிய மாடல் புத்தகத்தை ஸ்கேன் செய்து போடுவது பகிர்வு ஆகாது. அது நமக்கு நடந்த அதே திருட்டுதான்.

"3டி பிரிண்டர் வந்துவிட்டது, பிளாஸ்டிக் கிட் கிடைக்கிறது, காகிதத்தில் போய் என்ன?" என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். போலந்தில் 'மாலி மோடெலாஷ்' இதழ் 1957-இல் தொடங்கியது. பிளாஸ்டிக் கிட் எளிதில் கிடைக்காத காலத்தில், அந்த இதழின் தாள்களை வெட்டியே அங்கே ஒரு தலைமுறை மாடல் செய்யக் கற்றுக்கொண்டது. காகித விமானங்கள் பெரும்பாலும் 1:33 அளவில் வருவதும் போலந்து வெளியீடுகளால் நிலைத்த பழக்கம்தான். ஜெர்மனியின் ஷ்ரைபர் பதிப்பகம் 1831-இல் தொடங்கியது, அதன் பெயரில் இன்றும் வெட்டி ஒட்டும் தாள்கள் வருகின்றன. இலவசமாகக் கொடுப்பதும் புதிதில்லை, நாசா தன் விண்கலங்களைக் காகித மாடலாகக் கொடுத்திருக்கிறது, கேனான் நிறுவனமும் கொடுக்கிறது. ஒரு தாள், ஒரு கத்தி, கொஞ்சம் பசை போதும், வெட்டியது தப்பாகப் போனால் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடிக்கலாம். வேறு எந்த மாடல் கலையில் இந்தச் சலுகை உண்டு?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாடல் செய்கிறோம் என்று தெரிந்தாலே சொந்தக்காரர்கள் "நாளைக்குப் பையனுக்குப் புராஜெக்ட், ஒன்று செய்து கொடேன்" என்று வந்துவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு உறவினர் என் அலமாரியிலிருந்த விண்கலத்தையே தூக்கிக்கொண்டு போனார். பள்ளியில் முதல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் கை அதில் படவேயில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும், ஆசிரியருக்கும் தெரிந்திருக்கும். பக்கத்தில் இன்னொரு பிள்ளை தானே கோணல்மாணலாக ஒட்டி ஒரு பெட்டி வைத்திருந்ததாம், அதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிக்குத்தான் நான் பரிசு கொடுத்திருப்பேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கோப்பையும் கத்தரிக்கோலையும்தான் கொடுக்கிறேன், பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கத் தயார் என்கிறேன். சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். கோப்பை வெளியிடும் முன் முதல் பக்கத்தில் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, "அச்சடித்ததும் இதை அளந்து பாருங்கள்" என்று எழுதுங்கள். அச்சு அமைப்பில் "பக்கத்துக்குப் பொருத்து" (Fit to page) என்ற தேர்வு இருந்தால் பிரிண்டர் சத்தமில்லாமல் 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கினால் பரவாயில்லை. பாதியை ஒரு நாளும் மீதியை இன்னொரு நாளும் வேறு அமைப்பில் அச்சடித்தால், என் கோபுர உச்சியின் சுற்றளவிலேயே கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

எந்தத் தாளுக்காக வரைந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், 160-ஆ 200-ஆ என்று. உருளைகள் எல்லாம் தாளின் இழை ஓடும் திசையிலேயே நீளவாக்கில் வருகிற மாதிரி பக்கத்தில் அடுக்குங்கள், இல்லையென்றால் உருட்டும்போது தாள் நொறுங்கி மடியும். இங்க்ஜெட்டில் அச்சடிப்பவர்கள் வெட்டுவதற்கு முன்னால் பளபளப்பில்லாத வார்னிஷை லேசாகத் தெளித்துக்கொள்ளட்டும், பசையின் ஈரத்தில் மை கரையாது. லேசர் அச்சில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மடிப்பில் வண்ணம் உதிரும். அப்புறம், வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியும், ஒட்டும் முன்பே அதே நிறத்தில் தொட்டுவிடச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு தூரிகை உள்ளே போகாது.

நீங்கள் என்ன மாடல் வரைந்திருக்கிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. எதுவானாலும் சரி, வெளியிடும் முன் ஒருவர் கட்டிப் பார்க்க வேண்டும் என்றால் எனக்கு அனுப்புங்கள். 200 ஜிஎஸ்எம் தாளில், உங்கள் குறிப்பை மட்டும் பார்த்துக் கட்டி, எந்த எண் பாகம் எத்தனை மில்லிமீட்டர் இடிக்கிறது என்று படத்தோடு எழுதுகிறேன்.