மிஸியைக் கேளுங்கள்: முதியோருடன் வேலை செய்ய எதைப் படிப்பது?

கேள்வி: உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். அம்மம்மாவை நான்கு வருடம் நான்தான் பார்த்தேன். வயதானவர்களுடன் வேலை செய்யவே விருப்பம். "கிழவர்களுக்குக் கழுவித் துடைக்கவா இவ்வளவு படிப்பு?" என்கிறார் அப்பா. பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையைத் தெரிவுசெய்வது?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: பிள்ளை, முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி விடுதிகளில் தாதியாகக் கழுவித் துடைத்தவள் நான். ஓர் ஐயாவின் கதையைச் சொல்கிறேன், கேளும்.

பிள்ளைகள் மூவரும் கனடாவில். வடமராட்சியில் பெரிய கல்வீடு, அதில் ஐயா தனியாள். கழிப்பறையோ வளவின் கோடியில். நடுச்சாமத்தில் அங்கே போகும்போது விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்தார். சத்திரசிகிச்சை நடந்தது, எலும்பு பொருந்தியது, எல்லாருக்கும் திருப்தி. ஏன் அந்த நேரத்தில் எழுந்து போனார் என்று எவரும் கேட்கவில்லை. நானும்தான். மூன்றாம் நாள் ஒரு பயிற்சித் தாதி ஊர்க்கதை கதைத்தபடி அவருக்கு உடம்பு துடைக்கையில் விஷயம் வெளிவந்தது. சிறுநீரை அதிகம் போக்கும் குளிசையை, காலையில் போடவேண்டியதை, ஐயா படுக்கப் போகும்போது போட்டிருக்கிறார். காலையில் போட்டால் பஸ்ஸில் கோயிலுக்குப் போக முடியாதாம்!

கண்டுபிடித்தது துடைத்த கைதான். அப்பாவிடம் இதைத் தாராளமாகச் சொல்லும்.

பட்டத்தின் பெயரில் 'முதியோர்' என்ற சொல்லைத் தேடி அலையவேண்டாம். அந்த ஐயாவுக்கு யார் யார் தேவைப்பட்டார்கள் என்று பாரும். தாதியம் முதலாவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்திலேயே அந்தப் பட்டம் இருக்கிறது. அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி, படலை வரை நடக்கவைத்தவர் இயன்மருத்துவர். அதற்குக் கொழும்பு அல்லது பேராதனை. கழிப்பறைச் சுவரில் எந்த உயரத்தில் கைபிடி பூட்டுவது, எந்தக் கதிரையிலிருந்து அவரால் தானாக எழும்ப முடியும் என்று பார்ப்பது தொழில்வழிச் சிகிச்சை, அது களனியில். நம்மவர்கள் அதைப் பற்றிக் கேள்விப்படுவதே குறைவு. எனக்கு இப்போது பதினெட்டு வயதென்றால் அதைத்தான் படிப்பேன்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால் முகத்தைத் தொங்கப்போடாதேயும். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப் பணிப் பட்டம் இருக்கிறது. முதியோர் உரிமைகளுக்கென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோர அது வழிசெய்கிறது. ஆனால் சட்டம் தானாக வீட்டுக்கு நடந்து வராது. கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒரு சமூகப் பணியாளர் வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யும். விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன், கைதடி முதியோர் இல்லத்தில் அனுமதி கேட்டு ஒரு மாதம் போய் வாரும். உமக்கு அது தூரமில்லை. அம்மம்மா உம்முடைய அம்மம்மா, கோபித்தாலும் கொஞ்சுவார். அங்கே இருக்கும் ஓர் அப்புவுக்கு நீர் யாரோ. அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிட்ட மறுநாளும் போக மனம் வந்தால், எனக்கு ஒரு கடிதம் போடும். எந்தத் துறையை முதலில் எழுதுவது என்று அப்போது பேசுவோம்.