லைட் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகலாமா?

கேள்வி: இ.இ.இ. முடித்துவிட்டு, மதுரையில் மேடை விளக்குகள் வாடகைக்கு விடும் கம்பெனியில் ஒரு வருடமாக இருக்கிறேன். கேபிள் இழுப்பேன், ட்ரஸ் (விளக்கு மாட்டும் உலோகச் சட்டம்) ஏற்றுவேன், எப்போதாவது கன்சோலில் (விளக்குகளை இயக்கும் பலகை) உட்காருவேன். லைட், வீடியோ டிசைனர் ஆக ஆசை. வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகலாமா?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். கேபிள் இழுக்கிற ஆளுக்குத்தான் டிஎம்எக்ஸ், அதாவது கன்சோல் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை, சீக்கிரம் புரியும். ஒரு யூனிவர்ஸில், அதாவது ஒரு டிஎம்எக்ஸ் தொகுதியில், 512 சேனல். 16 சேனல் பிடிக்கும் மூவிங் ஹெட் (தலை திரும்பும் விளக்கு) என்றால் 32 அடங்கும். 33ஆவதுக்கு அடுத்த யூனிவர்ஸ் வேண்டும். முதலில் இதைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள். ஒருமுறை டிஎம்எக்ஸ் கேபிள் போதவில்லை என்று மைக் கேபிளைக் கோத்துவிட்டேன். பரதநாட்டிய நிகழ்ச்சியில் வர்ணம் ஆடும்போது நடுவில் நான்கு ஷார்பிகளும் (ஒருவகை மூவிங் ஹெட்) தலையை ஆட்டின!

கன்சோல் ஓட்டுவது வேறு, ஒளியமைப்பு வேறு. ஒளியமைப்பு ஒத்திகையிலேயே தொடங்கிவிடுகிறது. பரதநாட்டியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அபிநயத்தில் கண் தெரிய வேண்டும். உச்சந்தலைக்கு மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் கண்குழி இருண்டுவிடும்; முன்பக்கம் சுமார் 45 டிகிரியில் ஒரு வார்ம் ஒயிட் வையுங்கள். ஜதிக்குப் பக்கவாட்டு வெளிச்சம்தான் அழகு, உடம்பின் கோடுகள் எடுப்பாகத் தெரியும். அப்புறம், என்ன நிறப் பட்டு உடுத்தப் போகிறார்கள் என்று முன்னாடியே கேளுங்கள். அரக்குப் பட்டின் மேல் வெறும் நீலத்தைப் போட்டால் கறுப்பாகத்தான் தெரியும். எந்த வரியில் என்ன மாறுகிறது, எத்தனை விநாடியில் மாறுகிறது என்று க்யூ ஷீட் எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

வீடியோவும் கற்கத்தான் வேண்டும், ஆனால் இதற்கு அப்புறம். பி3.9 (பிக்சலுக்குப் பிக்சல் 3.9 மி.மீ. இடைவெளி) எல்இடி சுவரில் அரை மீட்டர் பேனலுக்கு 128 பிக்சல். 6 மீட்டருக்கு 3 மீட்டர் சுவர் என்றால் 1536க்கு 768. அதில் 1920க்கு 1080 வீடியோவை இழுத்துப் பொருத்தினால் முகமெல்லாம் அகலமாகிவிடும். அளவை எடிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உள்ளரங்கில் எல்இடி சுவரின் பிரைட்னஸைப் பாதி அளவுக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் ஆடுகிறவர் நிழலாகிவிடுவார்.

வீட்டில் பழக விளக்கே வேண்டாம். கம்ப்யூட்டரிலேயே கன்சோல் ஓட்டிப் பழகும் கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி மென்பொருள் இலவசம், 3டி காட்சியும் அதற்குள்ளேயே உண்டு. வீடியோ ஓட்டும் மென்பொருளான ரெசொல்யூம் அரீனாவின் டெமோவில் படத்தின் மேல் லோகோ வரும், பழக அது போதும்.

படிப்பு என்றால் டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது. பட்டமும் நாடக அனுபவமும் கேட்பார்கள். எனவே ஏதாவது ஒரு நாடகக் குழுவோடு இப்போதே சேர்ந்துகொள்ளுங்கள்.

சரி, பணம்? நம் ஊரில் பல நிகழ்ச்சிகளில் விளக்கு கொண்டுவருகிற கம்பெனியே ஒளியமைப்பையும் இனாமாகச் செய்துவிடுகிறது. நீங்கள் டிசைன் செய்கிற முதல் நிகழ்ச்சியிலிருந்தே, தொகை சின்னதாக இருந்தாலும், பில்லில் அதற்குத் தனியாக ஒரு வரி போடச் சொல்லுங்கள். வாடகைக்குள் சேர்ந்துவிட்டால், அடுத்த வருடம் அதைப் பிரித்துக் கேட்பது ரொம்பக் கஷ்டம்.